வேங்கைப்பதி ரோட்டுக்கு ஏற்ற டயர்

ஜூன் 2, ஞாயிறு

இன்றிலிருந்து வண்டிக்கென்று தனியாக ஒரு நாட்குறிப்பு. நான்கு சக்கரமும் இழுக்கிற பிக்கப் வைத்திருப்பவர்கள் எல்லோரும் கட்டாயம் இப்படி ஒன்று எழுத வேண்டும் என்று டாக்டர் குகன் சொல்லியிருக்கிறார். குகன் திருப்பூரில் பல் வைத்தியர். ‘மேடுபள்ள மன்னர்கள்’ என்கிற எங்கள் வாட்ஸப் குழுவின் தலைவர். டயர் விஷயத்தில் அவர் சொல்லிவிட்டால் குழுவில் மறுபேச்சுக் கிடையாது.

ஆகவே இதில் வண்டியைத் தவிர வேறு எதையும் எழுதப்போவதில்லை. வீட்டு விஷயம் வராது. உடுமலையில் நான் நடத்தும் கம்பெனி விஷயமும் வராது. (நூல் மில்லுகளுக்கு அட்டைக் கோன் செய்து கொடுக்கிறோம்.)

வண்டி அருமையான வண்டி. ஆனால் கம்பெனியிலிருந்து மாட்டி அனுப்பியது தார் ரோட்டு டயர். குழுவில் படம் போட்டேன். ‘வண்டி சிங்கம், டயர் ஹவாய் செருப்பு’ என்று குகன் எழுதினார். எல்லோரும் சிரித்தார்கள். மாற்றித்தான் ஆக வேண்டும்.

அதற்கு இப்போது காரணமும் கிடைத்துவிட்டது. கலாமணியை வேங்கைப்பதிக்குப் போட்டிருக்கிறார்கள். கலாமணி என் மனைவி. உடுமலை கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர். வேங்கைப்பதி மலைமேல் இருக்கிறது. (பதி என்றால் மலைவாசிகளின் குடியிருப்பு.) செக்போஸ்ட் வரைக்கும் தார் ரோடு, அதற்குமேல் காட்டுப் பாதை. செப்டம்பர் முடிய மாற்றுப்பணி, தங்க அங்கேயே குவார்ட்டர்ஸ். மேலிடத்தில் யாருக்கோ இவள்மேல் கடுப்பு என்று நினைக்கிறேன். பிடிக்காதவர்களை இப்படித்தான் மலைக்குத் தூக்கியடிப்பார்கள். நான் கொதித்தேன். அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்குகிறவள்.

“வாராவாரம் நானே கொண்டுபோய் விட்டுட்டு வர்றேன்” என்றேன். “ஆனா இந்த டயரோட அந்த ரோட்டுக்குப் போகக் கூடாது.”

“எப்பங்க மாத்துவீங்க?”

“அது எடுத்தவுடனே மாத்தற சமாச்சாரமா? பாத்துத்தான் மாத்தோணும்.”

“சரிங்க” என்று சொல்லிவிட்டு பஸ் நேரம் விசாரிக்கப் போனாள்.

ஜூன் 3

கலாமணி காலை பஸ்ஸில் போனாள். செக்போஸ்ட்டிலிருந்து மேலே ஷேர் ஜீப் இருக்கிறதாம். நான் வண்டியைக் கழுவினேன்.

ஜூன் 8

கலாமணி வந்திருக்கிறாள். டயரைத் தேர்ந்தெடுக்க முதலில் மண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது குகனின் பாடம். அதனால் சாப்பிடும்போது விசாரித்தேன்.

“அங்க மண்ணு களிமண்ணா, செம்மண்ணா? கல்லு உருண்டையா இருக்குதா, கூரா இருக்குதா?”

“ரோடுன்னு சொல்றாங்க. அவ்வளவுதானுங்க எனக்குத் தெரியும்.”

அடுத்த வாரம் ரோட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 12

படம் வந்தது. அன்று பிறந்த கன்றுக்குட்டி ஒன்று. மூலையில் கொஞ்சம் மண் தெரிகிறது. செம்மண் மாதிரி இருக்கிறது. குழுவுக்கு அனுப்பினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் களி கலந்த மண் என்று மூன்று பேர் சொன்னார்கள். கன்று அழகாக இருப்பதாக ஒருவர் எழுதினார். விஷயத்தை விட்டு விலக வேண்டாம் என்று குகன் அவரைக் கண்டித்தார்.

ஜூன் 16

ஜேபி டயர்ஸுக்குப் போனேன். ஜெயபிரகாஷ் எனக்கு இருபது வருடப் பழக்கம். காட்டு ரோட்டு டயரில் இரண்டு ஜாதி. ஒன்று தாருக்கும் மண்ணுக்கும் பொதுவானது: ஏ.டி. இன்னொன்று சேற்றுக்கென்றே செய்தது: எம்.டி. எம்.டி.யின் கட்டை கட்டையான பற்களைப் பார்த்தாலே ஒரு மரியாதை வருகிறது. ஆனால் தார் ரோட்டில் ஓட்டினால் வண்டு ரீங்காரம் போட்டுக்கொண்டே வருமாம், சீக்கிரம் தேயுமாம், டீசலும் குடிக்குமாம்.

“ஏங்ணா, வண்டி எங்கெங்க போகுதுங்ணா?” என்றார் ஜெயபிரகாஷ்.

“வேங்கைப்பதிக்கு.”

“அதில்லாம?”

“கம்பெனிக்கு.”

“இதுவரைக்கும் வேங்கைப்பதிக்குப் போயிருக்கீங்ளாண்ணா?”

“டயர் மாத்துனாத்தானே போக முடியும்?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “பொதுவானதே போதுங்ணா” என்றார். நான் இன்னும் நன்றாக விசாரித்துக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். வியாபாரி சொன்னவுடனே வாங்குகிறவன் நான் இல்லை.

ஜூன் 23

திருப்பூரில் மன்னர்கள் சந்திப்பு. நான்குவழிச் சாலையோரத்தில் ஒரு காப்பிக் கடை. டைல்ஸ் பதித்த முற்றத்தில் எல்லா வண்டிகளையும் ஒரே கோணத்தில் நிறுத்திப் படம் எடுத்தோம். குகன் வண்டியில் மட்டும் கதவு வரைக்கும் சேறு காய்ந்திருந்தது. பார்க்கவே கம்பீரம். எந்தக் காடு என்று விசாரித்தேன். பொங்கலுக்கு மச்சினனின் நெல் வயலில் இறக்கியதாம். மழை கரைத்துவிடக் கூடாதென்று அன்றிலிருந்து ஷெட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறார். இன்றும் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே எடுத்தாராம்.

டயரின் பக்கச்சுவர் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். பல் போகிறதற்கு முன்னால் ஈறுதான் போகும், டயரும் அப்படித்தான் என்றார். மூன்றடுக்குப் பக்கச்சுவர் இருந்தால் கூர்க்கல் கிழிக்காது. யாருக்கும் இதுவரை கிழிந்ததில்லை. ஆனால் கிழிந்தால் என்ன ஆகும் என்பதை எல்லோரும் விளக்கமாகச் சொன்னார்கள்.

ஜூலை 1

மலையில் மழை. ஷேர் ஜீப் பாதியில் நின்றுவிட்டதால் கலாமணி நடந்தே போனாளாம். டயரை இன்னும் ஆழமாக ஆராய வேண்டியதன் அவசியம் இதிலிருந்து தெரிகிறது.

ஜூலை 6

இந்த வாரம் அவள் வரவில்லை. ஒரு எருமை ஈனப் போகிறது, விட்டுவிட்டு வர முடியாது என்றாள். ஓட்டலில் சாப்பிட்டேன்.

நான் ரொம்ப யோசிக்கிறேன் என்று பெங்களூரிலிருந்து மகள் போனில் கேலி செய்கிறாள். யோசிக்காமல் வாங்கியிருந்தால் நம் வீட்டு பிரிட்ஜ் இத்தனை வருடம் ஓடியிருக்குமா என்று கேட்டேன். எட்டு மாதம் எல்லாக் கடையும் ஏறி இறங்கி வாங்கியது. இடையில் ஒரு கோடைக்காலம் போயிற்று. மகள் அப்போது கைக்குழந்தை. கலாமணி அவளுடைய பாலைப் பக்கத்து வீட்டு பிரிட்ஜில் வைத்து எடுத்துவந்துகொண்டிருந்தாள். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. இன்றுவரை அந்த பிரிட்ஜில் ஒரு ரிப்பேர் கிடையாது.

ஜூலை 13

வண்டியைச் சோதித்துப் பார்க்க மலையடிவாரம் வரைக்கும் ஓட்டினேன். முதல் கொண்டை ஊசி வளைவு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நிறுத்தி டயரைத் தொட்டுப் பார்த்தேன். கொஞ்சம் சூடு. அதற்குமேல் ஏற்றுவது சரியில்லை என்று திரும்பிவிட்டேன். மேலும் மலை ஏறினால் எனக்குக் காது அடைத்துக்கொள்ளும். கல்யாணமான புதிதில் வால்பாறை போனபோதும் அப்படித்தான். அதனால்தான் டிரைவர் வைத்துப் போனோம்.

ஜூலை 15

கலாமணி கேட்ட குடையையும் பூட்ஸையும் மேலே போகிறவர்களிடம் கொடுத்தனுப்ப உடுமலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். கால்நடை ஆய்வாளர் ரெஜினா இருந்தார். நல்ல பொம்பளை, ஆனால் வாய்க்குப் பூட்டு இல்லை.

“அநியாயமா மலைக்குத் தூக்கியடிச்சுட்டாங்க” என்றேன்.

“யாரு சார் தூக்கியடிச்சா? மேடம் அவங்களா கேட்டு வாங்குன எடமாச்சே.”

ரெஜினா வேறு யாரையோ நினைத்துக்கொண்டு சொல்கிறார். ஒரு ஆபீஸில் பத்து டாக்டர்கள் மாறி மாறி வந்தால் இப்படிக் குழம்புவது சகஜம்.

மூன்றடுக்குப் பக்கச்சுவர் உள்ள டயர்கள் சந்தையில் நான்கு இருக்கின்றன. முதலாவதின் ரப்பர் மென்மை. இரண்டாவது எடை கூட. மூன்றாவதற்குப் பல் ஆழம் அதிகம், ஆனால் பற்களுக்கு நடுவில் கல் மாட்டிக்கொள்ளும். நான்காவதைப் பற்றி விசாரிக்க வேண்டும். எல்லாவற்றையும் விசாரிக்க வேண்டும். ஒன்றையும் விடக் கூடாது.

ஜூலை 16

கம்பெனிக்குப் போகவில்லை. பக்கச்சுவர் பற்றி வீடியோக்கள் பார்த்தேன்.

ஜூலை 27

கலாமணி வந்தாள். முகம் கறுத்திருக்கிறது, நடை வேகமாகியிருக்கிறது. அங்கே காளியம்மா என்று ஒருத்தியாம். அவளுடைய மாடு கலாமணியைத் தவிர வேறு யார் ஊசி போட்டாலும் எட்டி உதைக்கிறதாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்து எப்போது பார்த்தேன் என்று யோசித்தேன்.

அந்த விஷயத்தைக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.

“ஏன் கலாமணி.”

“சொல்லுங்க.”

“அங்க… அந்த ரோட்டுல கூர்க்கல்லு உண்டா?”

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “உண்டுங்க” என்றாள்.

ஆகஸ்ட் 4

ஜெயபிரகாஷ் போன் செய்தார். ஏ.டி. டயர் நல்ல செட் ஒன்று வந்திருக்கிறது, எனக்கென்று எடுத்து வைக்கட்டுமா என்று. செப்டம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்றேன். செப்டம்பரில் என்ன என்று கேட்டார். எனக்கே ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 11

முடிவு எடுத்தாயிற்று. எம்.டி. மூன்றடுக்குப் பக்கச்சுவர். வழக்கமான அளவை விட ஒரு சுற்றுப் பெரியது. ஒரு சுற்றுப் பெரியது போடாதவன் பிக்கப் வாங்கியதே வீண் என்று குகன் சொன்னார். ஜெயபிரகாஷ் மட்டும், “உள்ள உரசுமுங்ணா” என்று மூன்று தடவை சொன்னார். வெளிமாநிலத்திலிருந்து வர வேண்டும்.

குழுவில் அறிவித்தேன். கைதட்டல் படங்களாக வந்து குவிந்தன. கலாமணிக்கும் செய்தி அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று வந்தது.

ஆகஸ்ட் 21

டயர் வரவில்லை. கலாமணியும் இந்த மாதம் ஒரு தடவைதான் வந்தாள்.

ஆகஸ்ட் 29

டயர் வந்துவிட்டது. ஷெட்டில் வைத்தால் எலி கடிக்கும் என்று ஹாலில் அடுக்கினேன். வீடு முழுக்கப் புது ரப்பர் வாசம். சோபாவில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 31

கலாமணி உள்ளே வந்ததும் டயர்களைச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். “எப்படி இருக்குது?” என்றேன். “நல்லாருக்குதுங்க” என்றாள். குளித்துவிட்டு வந்து ஈரத்துண்டை அதன்மேல் காயப்போட்டாள்.

மாற்றுப்பணி அடுத்த மாதத்தோடு முடிகிறதே, உடுமலையிலேயே திரும்பவும் போடுவார்களா என்று கேட்டேன். இன்னும் ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டுப் பருப்பைக் கடையப் போனாள்.

செப்டம்பர் 4, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

காலையில் ஜேபி டயர்ஸில் வண்டியை ஜாக்கியில் ஏற்றிப் பழைய டயர்களைக் கழற்றினார்கள். புதியதை மாட்டி இறக்கியதும் வண்டி ஒரு சாண் உயர்ந்துவிட்ட மாதிரி இருந்தது. ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பினேன். சரக்கென்று ஒரு சத்தம். இந்தப் பக்கம் திருப்பினாலும் சரக், அந்தப் பக்கம் திருப்பினாலும் சரக். சக்கரத்தின் உள்வளைவில் டயர் உரசுகிறது.

“நேராப் போனா ஒண்ணும் ஆகாதுங்ணா” என்றார் ஜெயபிரகாஷ். “திருப்பறதுன்னா உள்ளாற கொஞ்சம் அறுக்கோணும். இல்ல, வண்டியத் தூக்கி வைக்கோணும். எப்பிடியும் நாலஞ்சு நாள் ஆயிருமுங்ணா.”

அப்போதுதான் கலாமணி போன் செய்தாள். பின்னால் மழைச் சத்தம்.

“ஏனுங்க, பக்கத்துப் பதியில மாடுகளுக்குக் கோமாரி வந்துருச்சுங்க. வாயெல்லாம் புண்ணு, காலை ஊன முடியல. இன்னும் இங்க வரல. வர்றதுக்குள்ள எல்லாத்துக்கும் தடுப்பூசி போட்டரோணும். மருந்து உடுமலை ஆஸ்பத்திரியில வந்திருக்குது. ஆபீஸ் ஜீப்பு ரிப்பேரு. மழைல ஷேர் ஜீப்புக்காரங்க மேல வரமாட்டேங்கறாங்க. ஐஸ் பெட்டியில வெச்சுக் கொண்டாந்தாகோணும்.” கொஞ்சம் நிறுத்தினாள். “உங்களைக் கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன்.”

“இப்பத்தான் கலாமணி டயர் மாத்திட்டிருக்கோம். உள்ள லேசா உரசுது. ஒரு நாலு நாள்ல…”

அவள் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

“சரிங்க. நான் வேற பாத்துக்கறேன்” என்று வைத்துவிட்டாள்.

கடைக்கு வெளியே வந்து நின்றேன். ரோட்டில் பால் வண்டி போயிற்று. ஸ்கூல் பஸ் போயிற்று. வண்டி என்று ஒன்று இருந்தால் எங்கேயாவது போகத்தானே செய்கிறது என்று தோன்றியது. குழுவில் நிலைமையைச் சொல்லி யோசனை கேட்கலாம் என்று போனை எடுத்தேன். அங்கே மழைக்காலத்தில் டயரில் காற்று எவ்வளவு இருக்க வேண்டும் என்று காலையிலிருந்து விவாதம். போனை உள்ளே வைத்தேன்.

“ஜெயபிரகாஷ், பழச மாட்டு.”

“அண்ணா?”

“அந்தச் செருப்பையே மாட்டு. சீக்கிரம்.”

ரெஜினா ஐஸ் பெட்டிகளோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், “நீங்களா சார் வர்றீங்க?” என்றார். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை.

செக்போஸ்ட் வரைக்கும் நன்றாகவே ஓட்டினேன். அதற்குமேல் வளைவுகள். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத பக்கத்தைப் பார்க்கவே கூடாது என்று வைத்துக்கொண்டேன். இரண்டாவது வளைவில் உள்ளங்கை நனைந்து ஸ்டியரிங் வழுக்கியது.

“எனக்குக் காது அடைக்குது” என்றேன்.

“காது அடைச்சாப் பரவால்ல சார். கண்ணைத் தொறந்து ஓட்டுங்க” என்றார் ரெஜினா.

மூடியிருந்தேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

பிறகு ஒரு ஓடை. அதைத் தாண்டியதும் செங்குத்தாக ஒரு சேற்று ஏற்றம். ஓடையைத் தாண்டினேன். ஏற்றத்தின் அடியில் வண்டி நின்றுவிட்டது. ‘டயர் பிடிக்கவில்லை, வண்டி நின்றுவிட்டது’ என்றுதான் முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். டயர் பிடிக்குமா என்பதை நான் பார்க்கவேயில்லை. நிறுத்தியது நான்தான். திரும்பவும் வழி இல்லை.

“ஒரு நிமிசம், ரெஜினா. இந்த டயர்ல இது ஏறாது. இதுக்குத்தான் நான் மூணு மாசமா…”

“சார், ஐஸ் உருகிட்டிருக்குது.”

ரெஜினா குடையை விரித்துக்கொண்டு இறங்கினார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏற்றத்தில் முன்னால் போய், என்னைப் பார்த்துத் திரும்பி நின்றார். மழையில் அந்தச் சிவப்புக் குடை மட்டும்தான் தெரிந்தது. “வாங்க. வாங்க. வலதுல ஒடிங்க. வாங்க சார்” என்று பின்பக்கமாகவே நடந்தார். நான்கு சக்கரமும் இழுக்கிற கியரில் போட்டுக் குடையைப் பார்த்து ஓட்டினேன். பள்ளத்தைப் பார்க்கவில்லை, டயரையும் நினைக்கவில்லை. ஒரு இடத்தில் பின்பக்கம் வழுக்கிற்று. ரெஜினா நடப்பதை நிறுத்தவில்லை, அதனால் நானும் நிறுத்தவில்லை. மேலே வந்ததும் அவர் ஏறி உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வேங்கைப்பதியில் கலாமணி மழைக்கோட்டும் பூட்ஸுமாக நின்றிருந்தாள். ஓடி வருவாள் என்று நினைத்திருந்தேன். நேராகப் பின்னால் போய்ப் பெட்டியைத் திறந்து ஐஸ் இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் என்னைப் பார்த்தாள்.

“வந்துட்டீங்ளா. சரி, வந்து மாட்டைப் புடிங்க.”

பொழுது சாய்கிற வரைக்கும் மாடு பிடித்தேன். என்னை யாரும் முதலாளி என்று கூப்பிடவில்லை. ‘டாக்டரம்மா வூட்டுக்காரரு’ என்றார்கள். காளியம்மாவின் மாடு என் முழங்காலில் எட்டி உதைத்தது. கலாமணி ஒரு வீட்டு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்குப் போய்க்கொண்டே இருந்தாள். ஒரு சினை மாட்டுக்குப் போடலாமா வேண்டாமா என்று அதன் சொந்தக்காரர் தயங்கினார். அவள் மாட்டைத் தடவிப் பார்த்தாள், இரண்டு கேள்வி கேட்டாள், “போடலாம்” என்றாள். போட்டாள். நகர்ந்தாள். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றேன்.

வேலை முடிந்ததும் ரெஜினா காளியம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார். குவார்ட்டர்ஸில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒரே அறை. ஒரு அடுப்பு, ஒரு கட்டில். அவள் டீ போட்டுக் கொடுத்தாள். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டேன்.

“இந்த எடத்தை நீயாவா கேட்டு வாங்குன?”

“ஆமாங்க.”

கொஞ்சமும் தயங்காமல் சொன்னாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா, யோசிக்கலாம்னு சொல்லியிருப்பீங்க. நீங்க யோசிச்சு முடிக்கறதுக்குள்ள நான் ரிட்டயர்டே ஆயிருப்பனுங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

“அந்த வீட்ல எதுன்னாலும் நீங்க பாத்து, விசாரிச்சு, முடிவு பண்ணுவீங்க. நல்லதாத்தான் பண்ணுவீங்க, நான் குறை சொல்லல. ஆனா நான் காத்துட்டே இருந்தனுங்க. ஆஸ்பத்திரியிலயும் எல்லாத்துக்கும் மேல கேக்கோணும். இங்க ஒரு மாடு கீழ விழுந்துச்சுன்னா கேக்க ஆளே இல்ல. நாந்தான் அந்த நிமிசத்துல முடிவு பண்ணோணும். தப்பாவும் போகுது. போன மாசம் ஒரு கன்னு செத்துப்போச்சு. ரெண்டு நாள் அழுதேன். ஆனா நான் பண்ணுனது. உங்களுக்குப் புரியுதுங்ளா?”

“எம்மேல கோவமா?”

யோசித்துத்தான் பதில் சொன்னாள். “முன்ன இருந்துச்சு. காலைல போனை வெக்கறப்போ ரொம்ப இருந்துச்சு.” என் கையிலிருந்து தைலத்தை வாங்கிக்கொண்டாள். “இப்ப முழங்காலைக் காட்டுங்க.”

செப்டம்பர் 5

இறங்கி வந்தேன். ஏறுவதை விட இறங்குவதுதான் பயம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ரெஜினா வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். வேண்டுமென்றேதான் பேசினார் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 8

வேங்கைப்பதியில் நோய் நுழையவில்லை. பக்கத்துப் பதியில் மூன்று மாடுகள் போய்விட்டன.

பெரிய டயர்களைக் குகன் வாங்கிக்கொள்கிறார். எந்த டயரில் மலை ஏறினேன் என்று குழுவில் கேட்டார்கள். உள்ளதைச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. அதிர்ஷ்டத்தை அனுபவம் என்று நினைத்துவிடக் கூடாது என்று குகன் எழுதினார். அதற்கும் கைதட்டல். சேற்றோடு நிற்கும் வண்டியைப் படம் எடுத்துப் போடலாமா என்று பார்த்தேன். போடவில்லை. குழுவை விட்டு விலகவும் இல்லை. காற்றழுத்த விவாதம் எப்படி முடிகிறது என்று பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 19

கம்பெனியிலிருந்து வந்து சோறு ஆக்கிக்கொண்டிருந்தேன். கலாமணி போன் செய்தாள். மாற்றுப்பணி முடிகிறது. உடுமலைக்கே திரும்ப வரலாம், இல்லை வேங்கைப்பதியிலேயே நிரந்தரமாக இருக்கிறேன் என்று எழுதிக் கொடுக்கலாமாம். நாளைக்குள் சொல்ல வேண்டும்.

“நான் இங்கியே இருக்கலாம்னு இருக்கறனுங்க. இந்தத் தடவை உங்ககிட்டச் சொல்லாமப் பண்ண வேண்டாம்னு தோணுச்சு. நீங்க என்ன சொல்றீங்க?”

யோசித்துச் சொல்கிறேன் என்பது வாய் வரைக்கும் வந்துவிட்டது. சாதம் கொதிக்கிற சத்தம் கேட்டது. அவள் மூச்சு விடுவதும் கேட்டது. அவள் இல்லாத இந்த வீடு எனக்குப் பிடிக்கவில்லை. ஹாலில் டயர்களை அடுக்கியதும் அதனால்தானோ என்னவோ. அதையெல்லாம் சொல்லலாமா என்று பார்த்தேன். அவள் கேட்டது அதை இல்லை.

“இரு” என்றேன்.

“நெசமாத்தானுங்ளா?”

“ஆமா. இரு. நான் வந்து போய்ட்டு இருக்கறேன்.”

போன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அப்ப சனிக்கிழமை வர்றப்போ காளியம்மாவுக்கு ஒரு மூட்டை தவுடு வாங்கிட்டு வாங்க” என்றாள். “நல்லதாப் பாத்து வாங்குங்க.”

சோற்றை இறக்கி வைத்துவிட்டு உடனே கிளம்பினேன். பழனி ரோட்டில் தவிட்டுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. முதல் கடையிலேயே வாங்கிவிட்டேன்.